புகைப்புரைக்கு எதிராக ஒரு மனு

பகவதி துணை

அன்பு மகள் அஞ்சுவுக்கு அம்மா ஆசி சொல்லி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் பசுவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுக்கு உள்ள குறையைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கின் முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். ஆன்ஸ்லின் ஏன் அறை மாறப்போவதாகச் சொல்கிறாள், ஊரில் என்ன நடந்தது, கேட்டால் உன் அம்மையிடமே கேள் என்கிறாளே என்று நீ இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் சிக்னல் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று கத்திவிட்டுக் கட் செய்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிக்கிறவள், பக்கத்துக் கட்டிலில் அந்தப் பிள்ளை படுத்திருக்கும், நான் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற டிஜோவிடம் ஏத்தங்காய் சிப்ஸோடு இந்தக் கவரையும் கொடுத்து அனுப்புகிறேன். கவரைப் பசையால் ஒட்டி மேலே டேப்பும் சுற்றியிருக்கிறேன். டிஜோ நல்ல பையன், பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை. இருந்தாலும் சுற்றினேன். உன் அம்மாவின் லட்சணத்தை இங்கேயே தெரிந்துகொண்டால் மீதியைப் படிக்க உனக்குச் சுலபமாக இருக்கும்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, வைத்தியர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிற நேரத்தைவிட அதன் பெருமையைப் பேசுகிற நேரம்தான் அதிகம். பலா இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது, தின்ன ஆள் இல்லை. மழை வைகாசிக் கடைசியிலேயே பிடித்துக்கொண்டது. விஷயமே இந்த மழையில்தான் இருக்கிறது.

நேசபாய் வீட்டையும் நம் வீட்டையும் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அவள் மகள் ஆன்ஸ்லினும் தாண்டித் தாண்டித்தான் நடுவில் இருக்கிற மண் கையாலைச் சுவர் பாதி இடிந்துபோயிற்று. நம் ரப்பர் மரத்துப் பாலையும் அவர்கள் வீட்டு மெஷினில்தான் ஷீட் அடிக்கிறோம், அவளுடைய வீட்டுக்காரர் இருந்தபோதும் அப்படித்தான், அவர் போன பிறகும் அப்படித்தான். போன வருஷம் நம் கோவில் கொடையும் அவர்கள் சர்ச் கன்வென்ஷனும் ஒரே வாரத்தில் வந்து, எந்தக் குழாய் ரேடியோ எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று போலீஸ் வந்து ஏணி வைத்துத் திருப்பியதே, அதுவரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகும் ஊரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தோம், அவ்வளவுதான். முன்பெல்லாம் கையாலைக்கு மேலே தலையை நீட்டி, ஏட்டி நேசம், உனக்க மீன்கறி மணம் எங்க வீட்டு விளக்க அணைச்சிரும் போலிருக்கே என்று சத்தம் போடுகிறவள் நான். அந்த வாரத்துக்குப் பிறகு, நேசம், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பேன், ஆச்சு அக்கா என்பாள், திரும்பி வந்துவிடுவேன். எதைக் கேட்டால் எது தப்பாகிவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். ஒரு தடவை வாய்விட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், சண்டையில் நான் கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியும். இந்த மரியாதையில்தான் எனக்குப் பழக்கம் இல்லை.

சித்திரையில் அவள் வீட்டுக்குப் பின்னால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். நான் மாடியில் மிளகு காயப்போட்டுக்கொண்டு நின்றேன். போதகர் வந்தார், இரண்டு மூன்று பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள், பாட்டுப் படித்து ஜெபம் செய்து கல் வைத்தார்கள். ஜெபக்கூடம் கட்டுகிறாள் என்று சந்தேகப்பட எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்புறம் நான் மிளகு காயப்போட்டது மிளகுக்காகவா என்று என்னைக் கேட்காதே. சுவர் எழும்ப எழும்பப் பார்த்தேன். நடுவில் தடுப்பே இல்லாத ஒற்றை ஹால், ஜன்னல் இல்லை, கூரைக்குப் பக்கத்தில் மட்டும் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒரு பெண்பிள்ளை தனியாக இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு பெரிய ஹால் எதற்கு? கூரை போடுவதற்கு முன்னால் உள்ளே கம்பு கம்பாக மரச்சட்டம் அடித்தார்கள், அதில் ஒரு ஓரத்துச் சட்டம் மட்டும் தாழ்வாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆன்ஸ்லினுக்குத் திடப்படுத்தல் நடந்தபோது நாம் போனோமே, அப்போது அவர்கள் சர்ச்சில் நற்கருணை வாங்க எல்லோரும் முட்டுக்குத்தி நின்ற மரக்கைப்பிடியைப் பார்த்தேன், அதுதான் இது என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அவர்கள் போட்ட பிரியாணியைத் தின்ற நன்றி அப்படி வேலை செய்தது. காலமெல்லாம் ரப்பர் ஷீட்டைக் கையால் தொட்டு வாழ்கிறவளுக்கு, கம்பு வரிசையாக இருந்தால் ஷீட் தொங்கப்போடுவதற்கு என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. கோவிலில் சமய வகுப்பு எடுக்கிறவளுக்குச் சமயம்தான் தோன்றுகிறது.

அப்பா ஒரே ஒரு தடவை, ஏட்டி, சந்தேகமா இருந்தா போய் கேளேன் என்றார். கேட்டால் நான் சந்தேகப்படுகிறேன் என்று அவள் நினைத்துவிடமாட்டாளா என்று அவர்மேல் பாய்ந்தேன். பார் மகளே, கேட்டால் தப்பாக நினைப்பாள் என்று பயந்தவள், கேட்காமல் ஊர் முழுக்கச் சொன்னேன். கட்டுகிற மேஸ்திரி சுயம்புலிங்கம் நம் ஆள், தினமும் நம் வாசல் வழியாகத்தான் போவான், அவனிடமும் கேட்கவில்லை, கூலி வாங்குகிறவன் உண்மை சொல்லமாட்டான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு எல்லா ஆறும் ஒரே கடலுக்குத்தான் போகிறது என்று பாடம் சொல்லிவிட்டு, வகுப்பு முடிந்ததும் அவர்கள் அம்மாமாரிடம் பின்பக்கத்தில் ஜெபக்கூடம் வருகிறது என்று பாடம் சொன்னேன். கோவில் கமிட்டித் தலைவர் சுடலையாண்டி காதுக்குப் போனதும் அவர் வந்து, அக்கா, பக்கத்து வீட்டுக்காரங்க நீங்க முதல் கையெழுத்து போட்டாத்தான் மனுவுக்கு ஒரு பெலம் இருக்கும் என்றார். கையெழுத்து மட்டும் எதற்கு, மனுவையே நான் எழுதுகிறேன் என்றேன். அனுமதி இல்லாமல் ஜெபக்கூடம் கட்டுவதை நிறுத்த வேண்டும், தாழ்வான கைப்பிடியை நானே கண்ணால் பார்த்தேன் என்று அடித்துத் திருத்தாமல் எழுதினேன். என் எழுத்து அழகு என்று தாலுகா ஆபீஸில் பாராட்டினார்களாம். அதைக் கேட்டு எனக்கு ஒரு வாரம் தலைக்கனம் வேறு.

விசாரிக்க வி.ஏ.ஓ. வந்த அன்று நான் கரைபோட்ட சேலை உடுத்திக்கொண்டு போனேன், ஏதோ கல்யாணத்துக்குப் பெண் அழைக்கப் போகிறவள் மாதிரி. நம் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டம், சபைச் செயலாளர் ஜான்ரோஸ் தலைமையில் அவர்கள் ஒரு கூட்டம், நடுவில் போலீஸ். நம் ஆட்கள் ஜெபக்கூடம் கூடாது என்றார்கள். சொந்த இடத்துல இருந்து ஜெபிக்கதுக்கு எவன்ட்ட வேய் அனுமதி கேக்கணும் என்று ஜான்ரோஸ் துண்டை உதறினார். அவருக்கும் அது என்ன கட்டிடம் என்று தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது, கல் வைத்து ஜெபித்த போதகர் மாற்றலாகி வேறு சபைக்குப் போய்விட்டார், இவர் நம் மனுவைப் பார்த்துத்தான் அங்கே ஜெபக்கூடம் வருகிறது என்று நம்பி, அதைக் காப்பாற்ற வந்திருக்கிறார். ஆக இரண்டு கூட்டமும் என் அழகான கையெழுத்தை நம்பித்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நேசபாய் பால் வாளியும் கையுமாக நடுவில் நின்றாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர்கள் ஆட்கள், நீ சும்மா இரு, நாங்க பாத்துக்கிடுதோம் என்றார்கள், நம் ஆட்கள், அம்மா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, உங்கள வச்சு அவிய செய்யிதாவ என்றார்கள். அவள் இடம், அவள் கட்டிடம், அவளை மட்டும் பேச விடவில்லை. கடைசியில் வி.ஏ.ஓ. கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், நம் மாடியிலிருந்து தெரியாத சுவரில் ஒரு ஓட்டையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். தீ போடதுக்கு சாரே, மழை வந்தா ஷீட் எல்லாம் பூசணம் பிடிக்கு, ஒரு புகைப்புரை இருந்தா காஞ்சு கிட்டும்லா என்றாள் நேசபாய்.

ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கிற அறை. அதற்கு ஜன்னல் இருக்காது, மேலே புகை போக ஓட்டை இருக்கும், உள்ளே கம்புகள் இருக்கும். குலசேகரம் பக்கம் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த இடத்தில் யாராவது ஒருவர் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் மக்கா. நான் சிரித்திருக்கலாம், எனக்குத்தான் அந்த உரிமை முதலில் இருந்தது. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். வந்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு திரும்ப வெட்கமாகிவிட்டது. இன்னைக்கு புகைப்புரை, நாளைக்கு அதையே ஜெபக்கூடம் ஆக்கமாட்டாங்கன்னு என்ன உறுதி என்றார் சுடலையாண்டி. அப்பிடியா, அப்ப ஜெபக்கூடமாவே ஆக்குதோம் என்றார் ஜான்ரோஸ். நேசபாயிடம் யாரும் கேட்கவில்லை. கலவரம் வந்துவிடும் என்று பயந்து, சமாதானக் கூட்டம் நடக்கிற வரைக்கும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதோடு மழை வந்தது. ஆன்ஸ்லின் அனுப்பிய பணமெல்லாம் அந்தச் சுவரில்தான் கிடக்கிறது, அம்மை அடுப்புக்கு மேலே ஷீட் தொங்கப்போட்டு இருமிக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளைதான் கட்டச் சொல்லியிருக்கிறது. கட்டிடம் கதவில்லாமல் நின்றது, நேசபாயின் ஷீட் எல்லாம் கறுத்துப் பூசணம் பிடித்தது. நம் பாலை அவள் மெஷினுக்குக் கொண்டுபோக எனக்கு முகம் இல்லை. வீட்டிலேயே உறைய வைத்துச் சப்பாத்திக் கட்டையால் ஷீட் ஆக்கப் பார்த்தேன். கட்டைதான் உடைந்தது. பிறகு அப்பா முட்டுவலியோடு சந்தைப் பக்கம் ஒரு வீட்டு மெஷினுக்கு ஸ்கூட்டரில் சுமந்தார். ஒரு நாள் அவர் வாசலில் நனைந்துபோய் வந்து நின்று, நீ புதுசா கெட்டின குளிமுறிக்கு கணபதி ஹோமம் வச்சவ தானே, அத கோவிலுன்னு சொல்லி எவனாவது மனு குடுத்தானா என்று கேட்டார். நான் அவருக்குத் துண்டு எடுக்க உள்ளே போய்விட்டேன்.

மேஸ்திரி சுயம்புலிங்கத்தை அதற்குப் பிறகுதான் வாசலில் நிறுத்திக் கேட்டேன், முன்பே கேட்டிருக்க வேண்டியதை. நல்லதுதானே மயினி, இப்ப கேக்கியளே என்று சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிதாக ஏன் கட்டினாள் என்பதற்குக் காரணம் சொன்னான். இரண்டு வீட்டு ஷீட்டும் தொங்கும்படி அளவு சொன்னாளாம். அந்தத் தாழ்வான சட்டம் எதற்கு என்றேன். அது உங்களுக்குத்தான், அக்காவுக்கு கை தூக்க தோள் பொங்காது, ஆளும் கட்டை, எட்டாத உயரத்துல போட்டா அவ எப்பிடி தொங்கப்போடுவான்னு அந்தம்மா நின்னு அளந்து போடச் சொன்னாவ என்றான். என் தோளுக்காகப் போட்ட கம்பைத்தான் நான் கண்ணால் பார்த்ததாக மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகளே, நான் அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, ஏன் இவள் முன்கூட்டியே சொல்லவில்லை என்று அவள்மேலும் ஒரு கோபம் வந்தது. என் புத்தி அழும்போதுகூடச் சும்மா இருக்காது. பிறகு யோசித்தேன், சாப்பாடு ஆயிற்றா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறவளிடம் அவள் எப்போது சொல்வாள்?

சமாதானக் கூட்டம் போன செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீஸில் நடந்தது. சுடலையாண்டி முந்தின நாளே வந்து, அக்கா, நீங்க ஒண்ணும் பேசாண்டாம், நான் பேசுதேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எழுந்து பேசினேன். மனு எழுதியது நான், பார்த்தது தப்பு, நினைத்தது அதைவிடத் தப்பு, அந்த அம்மா புகைப்புரைதான் கட்டுகிறாள், என் பெயரை முதலில் அடித்துவிடுங்கள் என்று சொன்னேன். குரல் சமய வகுப்புக் குரல் மாதிரியே வந்தது, அது எப்படியோ தெரியவில்லை. முதல் கையெழுத்துப் போனதும் மனு படுத்துவிட்டது, வேலையைத் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் சுடலையாண்டி, இந்த வருஷம் திருவிளக்கு பூசை நடத்த வேற ஆளு பாத்துக்கிடுதோம் என்றார். வகுப்புக்கும் இப்போது பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. அதைச் சொல்லி உன்னிடம் அனுதாபம் வாங்க எழுதவில்லை, கொஞ்சம் வாங்கத்தான் எழுதுகிறேன்.

அன்று சாயந்திரமே ஒரு நல்ல பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு நேசபாய் வீட்டுக்குப் போனேன். கையாலையைத் தாண்டாமல் ரோட்டைச் சுற்றி முன்வாசல் வழியாகப் போனேன், ஊர் பார்க்கட்டும் என்று. போகும் வழியெல்லாம் மனசுக்குள் ஒரு நாடகம் ஓடியது. அவள் ஓடி வருவாள், கட்டிப்பிடிப்பாள், அக்கா நீங்க பெரிய மனுஷி என்பாள், நான் ஏட்டி அழாதே என்பேன். அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தப்பு செய்துவிட்டேன் நேசம், அது புகைப்புரை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று, தெரிந்திருந்தால் சத்தியமாகக் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன் என்றேன். அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். கோபமாகப் பேசவில்லை. அக்கா, நீங்க வந்தது எனக்கு சந்தோசம், ஆனா நான் கெட்டினது புகைப்புரை ஆனதினாலதான் நீங்க வந்திருக்கிய, நான் ஜெபப்புரை கெட்டியிருந்தா என்றாள். எனக்க இடத்துல நாலு பெண்ணுங்க இருந்து பாட்டு படிச்சு ஜெபிக்க ஒரு புரை கெட்டியிருந்தேன்னு வையுங்க, அப்பவும் நீங்க எனக்காச்சுட்டி எழுந்து பேசுவியளா, இந்த வாசல்ல வந்து நிப்பியளா என்று கேட்டாள்.

நிற்பேன் என்று வாயில் வந்தது. சொல்லவில்லை. பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், எங்களுக்குள் அவ்வளவு பழக்கம். பலாப்பழத்தை வராந்தாவில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கி உள்ளே வைக்கவும் இல்லை.

மகளே, நேற்றிலிருந்து புகைப்புரைக்குக் கதவு போடுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆன்ஸ்லினிடம் நீ எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அது என் வேலை. அறை மாறுகிறேன் என்று அவள் சொன்னால் தடுக்காதே, பெட்டியைத் தூக்கிக் கொடு. மாறவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு, ஒரு வரி விடாமல் படிக்கட்டும். என் அம்மை கேட்டதற்கு உன் அம்மா என்ன சொன்னாள் என்று அவள் கேட்டால், இன்னும் சொல்லவில்லை என்று உள்ளதைச் சொல். ஆம் என்று சொல்வது பெரிய காரியமா என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. மாடியில் நின்று அந்தச் சுவரைப் பார்த்து ஆம் என்று சொல்லிப் பார்க்கிறேன், உடனே சுடலையாண்டி முகம் வருகிறது, வகுப்புக்கு வராத பிள்ளைகளின் அம்மாமார் முகம் வருகிறது, அவர்களுக்கெல்லாம் பின்னால் என் முகமும் வருகிறது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பிடிவாதமாக நிற்கிறது. உண்மையாகச் சொல்லத் தெரிந்த அன்றைக்கு முதலில் அவளிடம் போய்ச் சொல்வேன்.

பகவதி உனக்கும் ஆன்ஸ்லினுக்கும் சேர்த்தே துணை இருக்கட்டும், நல்ல உடம்பும் நல்ல புத்தியும் தரட்டும், புத்தியில் என்னைப் போல் இருக்காதே. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ஏசியை நேராக நெஞ்சில் படும்படி வைக்காதே. சிப்ஸ் இரண்டு பொட்டலம் இருக்கும், ஒன்று ஆன்ஸ்லினுக்கு, அவள் வாங்காவிட்டாலும் அவள் பக்கத்து அலமாரியில் வைத்துவிடு.

இப்படிக்கு,
நான்கு பேருக்குச் சமயம் சொல்லிக்கொடுத்தும் ஒரு கேள்விக்குப் பதில் படிக்காத உன் அம்மா,
பகவதியம்மாள்